வாத்துக்கால் இங்கு கிடையாது

அவன் நடந்து வருவதை முதன்முறை பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். சிலர் அடக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இடுப்பு வலப்பக்கம் சாயும், தோள் இடப்பக்கம் போகும், இரண்டு பாதமும் வெளியே பார்த்து விரிந்திருக்கும். அந்த நடைக்காகத்தான் ஊர் அவனுக்கு வாத்து என்று பெயர் வைத்தது. பெயர் வைக்கிறபோது ஊர் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை.

அதற்கு முன்னால் அவனுக்கு அணில் என்று பெயர். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களில் அவனைப்போல ஏணி ஏறுகிறவன் கிடையாது. மற்றவர்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே இவன் வாளியோடு மேலே போய்க் கூரையோரத்தை முடித்திருப்பான். கீழேயிருந்து யாராவது "அணிலு" என்று கூப்பிட்டால் முகமெல்லாம் பல்லாகிவிடும். பொண்டாட்டியும் செல்லம் கொஞ்சும்போது அப்படித்தான் கூப்பிட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது, அதை யாரும் சீண்டவில்லை.

பெயிண்டர்கள் காலையில் கூடுகிற முக்கு ஒன்று உண்டு. ஏணி, வாளி, பிரஷ் எல்லாவற்றோடும் நின்றால் கான்ட்ராக்டர்கள் வந்து ஆள் எடுத்துப்போவார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் புதிதாக ஒரு சாமானை வாங்கினாலும் செய்தாலும், வேலைக்குக் கொண்டுபோகும் முன் அதை முக்கின் நடுவில் வைக்க வேண்டும். எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள், கழற்றுவார்கள், உதறுவார்கள், மேலே ஏறி நிற்பார்கள். உன் சாமான் கழன்றால் விழப்போவது என் தலையில்தானே என்பது அவர்கள் கட்சி. மறைத்து வைக்கிறவனுடைய ஏணியை அதற்குப் பிறகு யாரும் பிடிக்க மாட்டார்கள். ஒருமுறை ஒருவன் கழுத்து வளைந்த ரோலர் ஒன்றைச் செய்து சாக்கில் சுற்றி வைத்திருந்தான். அந்தச் சாக்கைப் பிடுங்கி அவிழ்த்து, "என்னடா, பொண்ணு பிறந்திருக்கா? மூடி மூடி வைக்கிற?" என்று கேட்டு அவனை ஓட ஓட விரட்டியது நம் அணில்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்தது ஒரு வீட்டுக் கூடத்தில். புதிதாகப் பதித்த வழவழப்பான தரை, யாரோ அப்போதுதான் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். ஏணிக்காலில் மாட்டியிருந்த ரப்பர் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏறினான், அணில் அல்லவா. ஏணி சறுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்து அவன் கிடந்த இடத்தில் பெயிண்ட் வாளியும் கவிழ்ந்து கிடந்தது. ஓடிவந்த வீட்டுக்காரர் முதலில் குனிந்து பார்த்தது தரையைத்தான்.

ஆஸ்பத்திரியும் படுக்கையும் முடிந்து முதல்முறையாக அவன் முக்குக்கு வந்த காலை வெகு நன்றாக இருந்தது. வெயில் இதமாக இருந்தது, கூட்டாளிகள் எல்லோரும் இருந்தார்கள். அவனுக்கு நெருங்கிய சிநேகிதன் தாடி. முகத்தில் பாதி மறைந்த ஆள், நல்லவன், வாய்தான் நிற்காது. தூரத்தில் அவன் வருவதைப் பார்த்துத் தாடி சத்தமாகச் சொன்னான்: "ஏய், அங்க பாருங்கடா, வாத்து வருது!"

முக்கே குலுங்கியது. அவனும் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்வது? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். உடம்பு வலிக்கு அவன் அழவில்லை, இதற்கு அழுதான்.

ஏணி ஏற முடியாதவனுக்குப் பெயிண்டர் வேலை ஏது? மனைவியின் தம்பி ஒரு பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் ஓர் அறையைக் காலிசெய்து அக்காவையும் மாமாவையும் குடிவைத்தான். அக்கா கடையில் சாமான் எடுத்துக்கொடுத்தாள். மாமா பின்கட்டில் உட்கார்ந்து வண்ணம் கலந்து கொடுத்தான். மைத்துனன் சத்தம் போட்டுப் பேச மாட்டான், சொல்லிக்காட்டவும் மாட்டான். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். அப்படிப்பட்டவனிடம் வாயைக் குறைக்க வேண்டும் என்று நம் ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் குறைத்திருக்க மாட்டான்.

பின்கட்டில் உட்கார்ந்து அவன் ஒன்றைத்தான் யோசித்தான். வாத்து என்கிற பெயர் போக வேண்டும், அணில் திரும்ப வர வேண்டும். பணம் கிணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். தன்னைத் தள்ளிவிட்ட ஏணிக்காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தான். சாதாரண ஏணிக்காலுக்கு ஒரு ரப்பர் மூடி, அவ்வளவுதான். தரை ஈரமானால் பாரம் ஏற ஏற அது சறுக்கும். பாரம் ஏற ஏறப் பிடிக்கிற கால் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

வெட்டியும் ஒட்டியும் எத்தனையோ பாழாய்ப்போன பின் ஒன்று சரியாக வந்தது. நடுவில் ஓர் இரும்புக் குமிழ். அதைச் சுற்றி மூன்று விரல்கள், கீல் போட்டு மடக்கியவை. விரல்களுக்கு இடையில் லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர். ஆள் ஏணியில் கால் வைத்ததும் பாரம் குமிழை அழுத்தும், குமிழ் விரல்களை விரிக்கும், ரப்பர் தரையை இழுத்துக் கவ்வும். கனமான ஆள் ஏறினால் இன்னும் கெட்டியாகக் கவ்வும். ஒருவன் விழுந்து இடுப்பொடிந்தால்தான் இது மண்டையில் ஏறும் போலிருக்கிறது, அதுவரை உலகத்தில் யாருக்கும் ஏறவில்லை.

செய்தவன் என்ன செய்வான்? காப்புரிமை அலுவலகத்துக்கா ஓடுவான்? அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. நேரே முக்குக்குத்தான் போனான். ஏணியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தான்.

அன்றைக்கு அவன் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்! உடைந்த டைல்ஸ் பலகைகளைப் போட்டு அதன்மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றினார்கள். பிறகு எண்ணெயையே ஊற்றினார்கள். இருப்பதிலேயே குண்டான ஆளை ஏற்றி மேலே குதிக்கச் சொன்னார்கள். ஏணி அசையவில்லை. கான்ட்ராக்டர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். அவன் காலைக் கழற்றிக் கையில் கொடுத்து, குமிழ் எந்த அளவு, கீல் எப்படி, ரப்பரை எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினான். ஏணியின் உச்சியில் இரண்டு பேர், அடியில் எல்லோரும், நடுவில் காலைத் தூக்கிப் பிடித்தபடி இவன் என்று கூட வந்திருந்த மைத்துனன் ஒரு போட்டோ எடுத்தான். வாய் காதுவரை போயிருந்தது. அந்தப் போட்டோவைத் தேதியோடு அச்சடித்துச் சட்டம் போட்டு அறையில் மாட்டிக்கொண்டான்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது தாடிதான். காலைத் தலைகீழாகப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, "அச்சு அசல் வாத்தோட கால்டா! வாத்து செஞ்ச வாத்துக்கால்!" என்றான். மறுபடியும் முக்கு குலுங்கியது. அவன் கையை ஓங்கித் தாடியின் கன்னத்தில் ஒன்று வைத்தான். சிரிப்பு நின்றது. பெயர் நிற்கவில்லை.

கடையிலேயே வைத்து விற்கத் தொடங்கினார்கள். பின்கட்டில் இவன் செய்வான், முன்னால் மனைவி விற்பாள். பொருளுக்கு அவன் வைத்த பெயர் 'அணில் பிடி'. "பேரைப் பதிஞ்சு வச்சுக்கலாம் மாமா" என்று மைத்துனன்தான் அழைத்துப்போனான். வணிகச் சின்னம் என்று பதிவுசெய்து சான்றிதழும் வந்தது, மேலே வாலைத் தூக்கிய அணில் படத்தோடு. போட்டோவுக்குப் பக்கத்தில் அதையும் மாட்டினான். இனி இந்தப் பொருளை உலகத்தில் எவனும் தொட முடியாது என்று தாடியிடம் பீற்றிக்கொண்டான். அணிலைப் பதிந்தால் ஏணிக்காலையும் பதிந்தமாதிரி என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

ஆனால் கடைக்கு வருகிற ஒருவனும் அணில் பிடி என்று கேட்கவில்லை.

"யக்கா, வாத்துக்கால் நாலு குடுங்க."

"ஏணிக்குப் போடற வாத்துக்கால் இங்கதானே கிடைக்குது?"

மனைவி ஒருநாள் அவனிடம் நயமாகச் சொல்லிப்பார்த்தாள். "எல்லாரும் வாத்துக்கால்னுதாங்க கேக்கறாங்க. அப்படியே பேரைப் போட்டுட்டா என்ன? ஊரே சொல்லிக் குடுத்த பேரு."

"ஊரு என்னை நக்கல் பண்ணுது, நீ அதைப் பொட்டி மேல அச்சடிக்கச் சொல்றியா?"

"நக்கல் பண்றவன் காசு குடுத்து வாங்குவானா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு சுவரில் போய் அடித்தது. மறுநாள் காலை அவனே பெயிண்டும் பிரஷும் எடுத்து ஒரு பலகையில் அழகாக எழுதிக் கடை முகப்பில் தொங்கவிட்டான். நல்ல எழுத்து அவனுக்கு. 'வாத்துக்கால் இங்கு கிடையாது. அணில் பிடி என்று கேட்டு வாங்கவும்.' வாய் தவறி வாத்துக்கால் என்று கேட்டவர்களைப் பின்கட்டிலிருந்து எழுந்துவந்து விரட்டினான். அவன் எழுந்து நடந்து வருவதைப் பார்ப்பதற்காகவே சிலர் அப்படிக் கேட்டார்கள். மைத்துனன் கல்லாவில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் வேறு கடைகளில் அதே கால் வந்தது. ஏதோ பெரிய தொழிற்சாலையில் அச்சில் வார்த்தது, அதே குமிழ், அதே மூன்று விரல். பெயர் மட்டும் ஏதோ ஒன்று. அவனுக்கு ரத்தம் கொதித்தது. பதிவுசெய்த சொத்தைத் திருடிவிட்டார்கள், உள்ளே தள்ளாமல் விடமாட்டேன் என்று கத்திக்கொண்டு சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றினான். சாட்சிக்கு இருக்கட்டும் என்று பக்கத்திலிருந்த போட்டோவையும் கழற்றி எடுத்துக்கொண்டான்.

காப்புரிமை வழக்குகள் பார்க்கிற அந்த அம்மாள் ஒரு மாடியில் சின்ன அறை வைத்திருந்தாள். இருமிக்கொண்டே பேசுவாள். படியேறி வந்தவனுக்கு மூச்சு அடங்கும்வரை பொறுத்திருந்து, சான்றிதழைப் பார்த்தாள்.

"இது டிரேட்மார்க். அணில்ங்கற பேரும் படமும் உங்களோடதுன்னு சொல்லுது. ஏணிக்காலுக்கு வேற யாராவது அணில் பேரைப் போட்டா நீங்க தடுக்கலாம். அவங்க அணில் போட்டிருக்காங்களா?"

"இல்ல மேடம். ஆனா கால் என்னோடது!"

"கால் எப்படி வேலை செய்யுதுங்கறதுக்குத் தனியாப் பேட்டன்ட் வாங்கணும். பேரு வேற, பொருள் வேற. பேரைப் பார்த்தா யார் செஞ்சதுன்னு தெரியணும், அதுக்குத்தான் டிரேட்மார்க். பொருளை வேற யாரும் செய்யக் கூடாதுன்னா அதுக்குப் பேட்டன்ட். நீங்க வாசல் கதவைத் திறந்து போட்டுட்டு பேர்ப்பலகைக்குப் பூட்டுப் போட்டிருக்கீங்க."

"சரி, இப்ப அந்தப் பேட்டன்டைப் போடுங்க. நான்தான் முதல்ல செஞ்சேன். இதோ பாருங்க." போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "தேதி இருக்கு. இத்தனை பேரு சாட்சி. ஒவ்வொருத்தன் கையிலயும் கழட்டிக் குடுத்து, எப்படிச் செய்யறதுன்னு சொல்லியே குடுத்தேன்."

அம்மாள் போட்டோவைப் பார்த்தாள். ஏணியும், கூட்டமும், காதுவரை போன வாயும். கொஞ்சநேரம் இருமினாள்.

"இதை வேற யார்கிட்டயும் காட்டிடாதீங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். ஆனா பிரயோசனமில்ல. பேட்டன்ட் கேக்கற பொருள் புதுசா இருக்கணும். விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சாலே நம்ம சட்டத்துல அது புதுசு இல்ல. நீங்களே தெரியப்படுத்தினாலும் அப்படித்தான். இந்தப் போட்டோ நீங்க முதல்ல செஞ்சதுக்குச் சாட்சிதான். அதேசமயம் இனிமே உங்களுக்குப் பேட்டன்ட் கிடையாதுங்கறதுக்கும் இதான் சாட்சி."

"மறைச்சு வைக்கறவன் திருடன் மேடம். எங்க முக்குல அப்படித்தான்."

"இங்க அப்படி இல்லையே" என்றாள் அம்மாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சாக்கில் சுற்றி ரோலர் வைத்திருந்தானே ஒருவன், அவன் ஞாபகம் வந்ததோ என்னவோ. அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை, ஒரு வழி சொன்னாள். "பொருளை இனி யார் வேணா செய்யலாம், நீங்களும் செய்யலாம். ஆனா ஜனங்க எந்தப் பேரைச் சொல்லிக் கேக்கறாங்களோ அந்தப் பேர் யார் கையில இருக்கோ அவங்கதான் பிழைப்பாங்க. என்ன பேர் சொல்லிக் கேக்கறாங்க?"

அவன் பதில் சொல்லத் தயங்கினான். கடைசியில் சொன்னான். அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, இருமலில் மறைத்துக்கொண்டாள். "ரொம்ப நல்ல பேராச்சே! இன்னைக்கே பதிஞ்சுடுங்க." அவன் போட்டோவை வாரியெடுத்துக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் படியிறங்கினான்.

வீட்டுக்கு வந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருப்பானா? சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"கேட்டியா மாப்ள, அந்த அம்மா எனக்கு யோசனை சொல்றா. வாத்துக்கால்ங்கற பேரைப் பதிஞ்சுக்கணுமாம்! அந்தப் பேரு கையில இருந்தா போதுமாம், பொருள் யாரோடதா இருந்தாலும் பரவாயில்லையாம்! படிச்ச பொம்பள பேசற பேச்சா இது?"

மைத்துனனின் கை வாய்க்குப் பாதிவழியில் நின்றது. "அப்படியா மாமா சொன்னாங்க?" என்றான். பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோனான்.

இரண்டொரு மாதம் போயிருக்கும். கடை வாசலில் வண்டி வந்து புதுப் பெட்டிகள் இறங்கின. பெட்டிமேல் மஞ்சள் தொப்பி போட்ட வாத்து ஒன்று இடுப்பை ஒருபக்கம் சாய்த்து நடந்துகொண்டிருந்தது. வரைந்தவன் யாரோ நன்றாகப் பார்த்து வரைந்திருக்கிறான், சாய்வு வலப்பக்கம்தான். கீழே பெரிய எழுத்தில் 'வாத்துக்கால்'. அவன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பேரு சும்மாதான் கிடந்தது மாமா" என்றான் மைத்துனன், பதறாமல். "உங்களுக்கு வேணாம்னுதானே போர்டே எழுதி மாட்டினீங்க? நீங்க வேணாம்னதைத்தான் எடுத்துக்கிட்டேன். உங்க அணிலை நான் தொடலையே."

அதுவரை எந்தப் பெயரைக் கேட்டால் உடம்பெல்லாம் எரிந்ததோ, அந்தப் பெயர் தன்னுடையது என்று அவன் ஊரெல்லாம் கத்தத் தொடங்கினான். யாரைக் குறித்துச் சொன்னார்கள்? என்னைத்தானே? யார் நடையைப் பார்த்துச் சொன்னார்கள்? என் நடையைத்தானே? இருமுகிற அம்மாளையே மறுபடி பிடித்தான். பதிவு இன்னும் முடியவில்லை, ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றாள். தெரிவித்தான்.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பதிவு அதிகாரி வயதானவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மைத்துனனின் வக்கீல் இளவட்டம், மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"ஐயா, வாத்துக்கால்ங்கற பேர்ல நீங்க எப்பவாவது இந்தப் பொருளை வித்தீங்களா?"

நம் ஆளுக்குத் தன்மானம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாள் கையைக் காட்டி அடக்கப் பார்த்தாள். அவன் கவனிக்கவில்லை.

"நானா? ஒருநாளும் இல்ல! அந்தப் பேரைச் சொன்னவனுக்கு ஒண்ணுகூட வித்தது கிடையாது. விரட்டியடிச்சிருக்கேன்."

"விரட்டினீங்களா?"

"அறைஞ்சே இருக்கேன், வேணும்னா தாடியைக் கேட்டுப் பாருங்க!"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரிகூடக் கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல் சிரிக்கவில்லை. தன் காலடியிலிருந்து ஒரு பலகையை எடுத்து மேஜைமேல் நிறுத்தினான். 'வாத்துக்கால் இங்கு கிடையாது.' அந்த அழகான எழுத்தைப் பார்த்ததும் நம் ஆளின் வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

"இது உங்க கையெழுத்துத்தானே ஐயா?"

"ஆமா" என்றான். பொய் சொல்லக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒருவருடைய பட்டப்பெயர் என்பதால் மட்டும் அது அவருடைய வணிகச் சின்னமாகிவிடாது, அந்தப் பெயரில் வியாபாரம் செய்திருக்க வேண்டும், இவர் செய்யவில்லை என்பதோடு செய்யவே மாட்டேன் என்று எழுதியும் மாட்டியிருக்கிறார் என்று அதிகாரி சொல்லி முடித்துவிட்டார். தீர்ப்பை எழுதக்கூட அவருக்கு அதிக நேரம் ஆகியிருக்காது.

திரும்பி வரும் வழியில் மனைவி அவனுக்குப் பக்கத்தில் மெல்ல நடந்தாள். அவன் நடைக்கு ஈடுகொடுத்து நடக்க அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெருமுனை வந்ததும் நின்றாள்.

"காட்டக் கூடாததை ஊருக்கெல்லாம் காட்டினீங்க. கேட்டுக்கிட்டு வந்த பேரை அது நான் இல்லன்னு விரட்டினீங்க. இப்ப யாரைத் திட்டறது? என் தம்பியைத் திட்டினா எனக்கு நாளைக்கு வேலை கிடையாது, நமக்கு வீடும் கிடையாது. அதனால நான் உங்களைத்தான் திட்டுவேன், கோவிச்சுக்காதீங்க."

அழுதுகொண்டேதான் சொன்னாள்.

ஆனாலும் அவன் வீறாப்பை விடவில்லை. நீங்களும் செய்யலாம் என்று அந்த அம்மாள் சொன்னது மனதில் இருந்தது. பின்கட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் கையாலேயே செய்தான். தொழிற்சாலையில் வார்த்ததைவிட, மைத்துனன் வெளியே கொடுத்துச் செய்வதைவிட அது கெட்டி. மைத்துனன் விரல் ரப்பரை மெல்லிசாக்கிவிட்டிருந்தான், இவன் அப்படியெல்லாம் செய்யவில்லை. ஒவ்வொன்றிலும் அணில் படத்தை ஒட்டி, பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு காலையில் முக்குக்குப் போனான்.

முக்கில் முகங்கள் பாதி மாறியிருந்தன. தாடி வேலை தேடி வேறெங்கோ போய்விட்டான். அவன் தன் ஏணிக்காலை நடுவில் வைத்தான். ஒருவன் எடுத்துப் புரட்டினான். புது ஆள், இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலிருக்கும், துறுதுறுவென்று இருந்தான். அவனுடைய ஏணியில் மஞ்சள் தொப்பி வாத்து ஒட்டியிருந்தது.

"இது வாத்துக்காலா அண்ணே?"

இவனுக்கு வாய்வரை வந்தது. ஆமாம் என்று சொன்னால் பெயரைத் திருடினான் என்று மைத்துனன் நோட்டீஸ் விடலாம். விசாரணை முடிந்து கிளம்பும்போது அதிகாரி இவனை எச்சரித்திருந்தார்.

"அதே மாதிரிதான்பா. அதைவிட நல்லது. இது அணில் பிடி."

"அணிலா? அதைக் கேள்விப்பட்டதில்லையே. வாத்து எங்க?" அவன் அடிப்பக்கம் தேடினான். படத்தைக் காணவில்லை. "டூப்ளிகேட்டாண்ணே?"

"தம்பி, இதைக் கண்டுபிடிச்சதே நான்தான்."

பையன் ஏற இறங்கப் பார்த்தான். இடுப்பு, தோள், விரிந்த பாதம். அவனுக்குப் பாவமாக இருந்திருக்கும். பொருளைப் பக்குவமாகத் திரும்ப நடுவில் வைத்தான். கூடவே, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், பெரியவருக்குப் புத்தி சொல்கிற குரலில் சொன்னான்:

"வேணாம்ணே. இந்த மாதிரி டூப்ளிகேட் போட்டு ஏறித்தானே உங்களுக்கு இப்படி ஆயிருக்கு."

இவன் கையை ஓங்கவில்லை. குனிந்து பொருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழி அவனுக்கு மிக நீளமாக இருந்தது. கடைக்குள் நுழைந்து கல்லாவின் முன்னால் நின்றான். கட்டுமானப் பொருள் கண்காட்சியில் வாத்துக்காலுக்குக் கடைவிரிக்க ஆள் வேண்டும் என்று மைத்துனன் முன்பே அவனிடம் ஒருமுறை சொல்லியிருந்தான். அப்போது அவன் துப்பிவிட்டுப் போயிருந்தான்.

"அந்த வேலை இன்னும் இருக்கா மாப்ள?" என்று கேட்டான்.

மனைவிதான் மஞ்சள் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். கண்ணைப் பார்க்காமல் கொடுத்தாள்.

கண்காட்சியில் நல்ல கூட்டம். பெரிய மண்டபத்தில் நட்ட நடுவே கடை. சோப்புத் தண்ணீர் ஊற்றிய பலகைமேல் ஏணி நின்றது, அதில் ஓர் இளைஞன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். கீழே மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு அவன் கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். குழந்தைகள் பின்னாலேயே சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். பெரியவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று.

ஒரு பெரிய கான்ட்ராக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைத்துனனிடம் கேட்டார்: "எங்க புடிச்சீங்க இந்த ஆளை? அசலா அந்தப் படத்துல இருக்கற மாதிரியே நடக்கறாரே!"

"டிரெய்னிங் குடுத்திருக்கோம் சார்" என்றான் மைத்துனன்.

அது அவன் காதில் விழுந்தது. கோடிவரை போய்த் திரும்பி நடந்துவந்தான்.